நம்ம வண்டிச் சத்தம்

மதிய இடைவேளையில் கிரான்வில் பெப்ருவாரி, வாய்க்குக் கொண்டுபோன சாண்ட்விச்சைக் கடிக்காமல் அப்படியே நிறுத்தினான். மதிலுக்கு அந்தப் பக்கம் சாலையில் அவனுடைய வண்டி போய்க்கொண்டிருந்தது.

கண்ணால் பார்க்கவில்லை. கேப் டவுனின் ஆத்லோன் பகுதியில் அவன் வேலை பார்க்கும் டைல்ஸ் கிடங்கின் மதில் ஆளுயரத்துக்கும் மேல், அதற்கும் மேலே முள்கம்பிச் சுருள். ஆனால் பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அந்த உறுமல், கியர் மாறும்போது ‘டப்’ என்று ஒரு வெடிப்பு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒரு படபடப்பு. வேறு யாருக்கும் அது வெறும் கார் சத்தம். கிரான்விலுக்கு அது வீட்டு ஆள் பேசுகிற குரல்.

அந்த வெள்ளை ஜிடிஐ கார் அப்போது மிட்செல்ஸ் ப்ளெய்னில் அல்லவா இருக்க வேண்டும்? மனைவி பெரனீஸ் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவள். இன்று முழுக்க அங்கேயே ராக்லண்ட்ஸ் பக்கம்தான் வேலை என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ராக்லண்ட்ஸ் எங்கே, ஆத்லோன் எங்கே?

“என்னண்ணே, ரொட்டில முடி கிடக்கா?” என்றான் பக்கத்தில் டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மெர்வின். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன்.

“ஒண்ணுமில்ல” என்றான் கிரான்வில்.

சாயங்காலம் பெரனீஸ் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

“இன்னிக்கு எங்கெல்லாம் போன?”

“ராக்லண்ட்ஸ்தான். மிசஸ் அடோனிஸுக்குத் தலை. அப்புறம் அவங்க தங்கச்சிக்கு. அந்தம்மா பேசிப் பேசியே என் காதுல ரத்தம் வர வெச்சிட்டாங்க.”

“வேற எங்கயும் போகலயா?”

“வேற எங்க போவேன்? ஏன், உன் செல்லத்துக்கு எங்கயாச்சும் கீறல் விழுந்திருச்சா?”

‘மத்தியானம் ஆத்லோன்ல நம்ம வண்டி போன சத்தம் கேட்டுச்சே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். கிரான்வில் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தான். சந்தேகம் பிடித்தவன் முதலில் செய்கிற காரியம், கையில் இருக்கும் துருப்புச் சீட்டை மடிக்குள் ஒளித்து வைத்துக்கொள்வதுதானே?

அந்த வண்டி வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அவன் மண்டை எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். முன்சக்கரத்தில் அத்தனை குதிரைகளையும் கட்டிப்போட்ட சின்ன கார். பார்க்கச் சந்தைக்குப் போகிற சாதுவான வண்டிபோல் இருக்கும். அழுத்தினால் சிக்னலில் நிற்கிற பெரிய பெரிய ஜெர்மன் கார்களெல்லாம் கண்ணாடியில் சிறுத்துப்போகும். நகரத்தை ஒட்டிய கேப் ஃப்ளாட்ஸில் வளர்ந்த எந்தப் பையனும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன் அந்த மூன்று எழுத்தைப் படித்துவிடுவான். கிரான்விலுக்கு நாற்பது தாண்டித்தான் அது கைக்கு வந்தது. அதுவும் வேறொருவர் ஓட்டிய வண்டி. வந்த அன்றே அதற்குச் சட்டதிட்டம் போட்டான். எஞ்சின் சூடாகும்வரை அழுத்தக்கூடாது. கதவை அறையக்கூடாது. உள்ளே உட்கார்ந்து எதுவும் தின்னக்கூடாது, வறுவல் திணித்த காட்ஸ்பி ரொட்டி கூடவே கூடாது. வேகத்தடையில் வண்டியைக் குறுக்கு வாட்டில், கர்ப்பிணியைப் படியிறக்குவதுபோல் இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவின் இரண்டு பக்கமும் பார்க்காமல் கேட்டைத் திறக்கக்கூடாது. திறந்த கேட் ஒரு நிமிஷம்கூடத் திறந்து கிடக்கக்கூடாது. அந்தப் பக்கத்தில் ஜிடிஐ வைத்திருக்கிற எல்லாருக்கும் இது வேதவாக்கு. பெட்ரோல் பங்கிலிருந்து பின்னாலேயே வந்து, கேட் திறக்கிற நேரம் பார்த்துத் துப்பாக்கியை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

“இது வண்டியா, புது மாப்பிள்ளையா?” என்று பெரனீஸ் கேட்டாள்.

பிறகு பெரனீஸின் பழைய வண்டி நடுரோட்டில் படுத்து, எழுந்திருக்கவே இல்லை. அவள் பிழைப்பு சக்கரத்தில்தான் ஓடுகிறது. வேறு வழியில்லாமல் கிரான்வில் மெர்வினின் பிக்கப்பில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போக, புது மாப்பிள்ளை தினப்படி வண்டியானான். டிக்கியில் முடி உலர்த்தும் மெஷின், சுருட்டும் உருளைகள், ஷாம்பூ கேன். பின்சீட்டில் நாய்த் தீவன மூட்டை. ஒருநாள் அவள், சர்ச் முகாமில் தனக்குக் கொடுத்த, சூரியன் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியின் மூலையில் ஒட்டிவிட்டாள். கிரான்வில் நகத்தால் சுரண்டினான், வெந்நீர் ஊற்றினான், எண்ணெய் தடவினான். பாதி சூரியனும் ‘மகிழ்ந்திருங்கள்’ என்ற சொல்லும் போகவே மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தன.

இப்போது மகிழ்ந்திருப்பது யார் என்பதுதான் அவன் கேள்வி.

அன்றிலிருந்து வண்டியை அவன் கழுவிய விதமே வேறு. முன்பெல்லாம் அழுக்கைத் தேடுவான், இப்போது தடயத்தைத் தேடினான். தேடுகிறவனுக்குக் கிடைக்காமல் போகுமா? முன் டயர்களின் ஓரம் சொரசொரவென்று தேய்ந்திருந்தது. ராக்லண்ட்ஸ் கிழவிகளின் வீட்டுக்கு ஊர்ந்து போகிற வண்டிக்கு அப்படித் தேயாது. பெட்ரோல் முள் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இருந்தது. டிரைவர் பக்கத்து மிதியடியை உதறினான். சிமெண்ட் தரையில் வெள்ளை மணல் கொட்டியது. கடல் மணல்.

“பெட்ரோல் எங்க போகுது பெர்னி?”

“டிராஃபிக்ய்யா. நின்னு நின்னு போனா குடிக்காதா?” என்றாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது. இருபது வருஷமாக அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவனுக்குத் தெரியும். இப்போதும் வரவில்லை.

இன்னொரு விஷயம் மணலைவிட அதிகமாக உறுத்தியது. பெரனீஸ் சந்தோஷமாக இருந்தாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுவென்று பாடினாள். முகத்தில் காற்று பட்ட சிவப்பு. ஒருநாள் நாயைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஆடினாள். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி காரணம் சொல்லாமல் சந்தோஷமாக இருந்தால் புருஷன்காரன் என்ன நினைப்பான்? நல்லவன் சேர்ந்து ஆடுவான். கிரான்வில் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்திலிருந்து பார்த்தான்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்திருந்த மெர்வின் திங்களன்று வந்து, பெட்டி இறக்கிக்கொண்டே சொன்னான்.

“அண்ணே, பெரிய ஆளாயிட்டீங்கபோல. ஹார்ன் அடிச்சா கூடத் திரும்ப மாட்டீங்களா?”

“என்னடா?”

“வெள்ளிக்கிழம மத்தியானம். ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்ன் பீச் பார்க்கிங். கடலப் பாத்தபடி உங்க வண்டி. உள்ள ரெண்டு தல. நடுவுல காட்ஸ்பிய விரிச்சு வெச்சு வெட்டிக்கிட்டிருந்தீங்க. பரவால்லயே, அண்ணன் ரூல்ஸையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாரு, அண்ணிய பீச்சுக்குக் கூட்டிட்டு வந்துட்டாருன்னு லைட்டடிச்சேன், ஹார்னடிச்சேன். ம்ஹூம்.”

கிரான்விலின் கையிலிருந்த பெட்டி கனத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் இங்கே கிடங்கில் இருந்தான்.

“வெள்ளை ஜிடிஐ ஊர்ல ஆயிரம் இருக்கு. நம்பரப் பாத்தியா?”

“பாக்காமலா? உங்க நம்பர்தான்...” என்று சொல்லிக்கொண்டே வந்த மெர்வின் அவன் முகத்தைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். “அட, அண்ணியோட அம்மாவா இருக்கும்ணே.”

மாமியார் அந்த வண்டியில் ஒரே ஒருமுறை ஏறி, இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இனி தன் சவப்பெட்டியைக்கூட இதில் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவளாக இருக்க முடியாது.

ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்னில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திக்கொண்டு, ஒரு முழ நீள ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவலும் இறைச்சியும் திணித்த காட்ஸ்பியை வெட்டி, கண்ணாடி ஆவி பிடிக்க உட்கார்ந்து தின்பது அந்த ஊரில் குடும்பம் குடும்பமாகச் செய்கிற காரியம். காதலிக்கிறவர்களும் செய்கிற காரியம். கிரான்விலும் பெரனீஸும் ஒருகாலத்தில் அவன் அப்பாவின் ஓட்டை வண்டியில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். வினிகர் வாசம் மூக்கில் ஏறியது.

மனசுக்குள் ஒரு மூலையில் அது வேறு வண்டியாக இருந்துவிடக்கூடாதா என்று ஒரு ஆசை இருந்தது. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு ரிதுவானின் சைலன்சர் கடைக்குப் போனான். வண்டிக்கு அந்தக் குரலைக் கொடுத்தவர் ரிதுவான்தான்.

“ரிதுவான் அண்ணே, என் வண்டிக்குப் போட்ட மாதிரியே வேற யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா? உண்மையச் சொல்லணும்.”

‘ஆமாம் தம்பி, நிறைய’ என்று அவர் சொல்ல வேண்டும் என்றுதான் கிரான்வில் கேட்டான். ரிதுவான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். நெஞ்சில் கை வைத்தார்.

“தம்பி, என்ன வார்த்தை கேட்டுட்ட? உன் வண்டிக்குன்னு உக்காந்து, என் காதால கேட்டுக் கேட்டு வளைச்ச பைப்பு அது. அந்தச் சத்தம் இந்த கேப் டவுன்லயே ஒண்ணே ஒண்ணுதான்.”

அவருக்குப் பின்னால் லிஃப்டில் தூக்கி நிறுத்திய ஒரு வெள்ளை வண்டியை உதவியாள் ஸ்டார்ட் செய்தான். ரிதுவான் பலமாக இருமினார். கிரான்வில் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஒண்ணே ஒண்ணு. அது போதுமே.

வண்டியில் ஒரு டிராக்கர் பொருத்தியிருந்தது. ஆனால் திருட்டுப் போய்விட்டது என்று புகார் கொடுத்தால்தான் அந்தக் கம்பெனி வண்டி எங்கே என்று சொல்லும். திருட்டுப் போனது வண்டி இல்லையே என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்வலி என்று சொல்லி மத்தியானமே கிளம்பினான். மெர்வினிடம் பிக்கப்பின் சாவியை வாங்கிக்கொண்டான்.

“எந்தப் பல்லுண்ணே?” என்று கேட்டான் மெர்வின். அவன் பிக்கப்பில் ஏறும்போது, “ஏதாச்சும் ஏடாகூடமாப் பண்ணிடாதீங்கண்ணே” என்று சேர்த்துக்கொண்டான்.

ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்ன் பார்க்கிங்கின் கடைசியில், ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் பிக்கப்பை நிறுத்தித் தொப்பியை இறக்கிக்கொண்டான். தென்கிழக்குக் காற்று மணலை வாரி அடித்தது. பெரனீஸுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தான். ‘எங்க இருக்க?’ என்று கேட்டால் ராக்லண்ட்ஸ் என்பாள். அந்தப் பொய்யைக் காதால் கேட்கத் தெம்பில்லை.

சத்தம்தான் முதலில் வந்தது. உறுமல், டப், கடுகு. பிறகு வெள்ளை ஜிடிஐ மெதுவாக வந்து, கடலுக்கு மூக்கைக் காட்டி நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குள் இரண்டு தலை. காகிதம் பிரிகிற அசைவு.

கிரான்வில் இறங்கினான். முதலில் யாரைப் பார்ப்பது, அவளையா அவனையா? என்ன கேட்பது? வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வசனம் காற்றோடு போய்விட்டது. பின்பக்கமாக நடந்தான். நம்பர் பலகை அவனுடையது. ஒவ்வொரு எழுத்தும் அவனுடையது. பின்கண்ணாடியின் மூலையைப் பார்த்தான்.

மஞ்சள் ஸ்டிக்கர் இல்லை.

சுரண்டியும் போகாத, வெந்நீருக்கும் போகாத அந்தப் பாதி சூரியன் அங்கே இல்லை. கண் அதைச் சொல்லிவிட்டது. கை கேட்கவில்லை. அது ஏற்கெனவே கூரையை ஓங்கித் தட்டிவிட்டிருந்தது.

கண்ணாடி இறங்கியது. வினிகர் வாசத்தோடு ஒரு முகம். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் இன்னொருவன். அவன் மடியில் காட்ஸ்பி காகிதம். காகிதத்துக்கு அடியில் அவன் வலது கை. அந்தக் கை வெளியே வரவில்லை.

“என்ன அங்கிள்?” என்றான் ஓட்டுகிறவன், மென்றபடி.

“மன்னிச்சிரு தம்பி. வண்டி... நம்ம ஆளுன்னு நெனச்சிட்டேன்.”

“உங்க ஆளும் இந்த மாதிரி வண்டிதான் வெச்சிருக்காரா?”

கிரான்வில் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். ஓட்டுகிறவன் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தான். சிரித்தான்.

“நல்ல வண்டி அங்கிள் இது. வீட்டுக்குப் போங்க. வெயில்ல நிக்காதீங்க.”

கண்ணாடி ஏறியது. வண்டி பின்வாங்கித் திரும்பி, சாலை ஏறியது. உறுமல், டப், கடுகு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சத்தியமாக அவன் வண்டிதான்.

முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். வெட்கம்கெட்ட சந்தோஷம். அவள் இல்லை! ஐஸ்கிரீம்காரர் பார்க்கிறார் என்றுகூடப் பாராமல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்புறம்தான் மண்டை வேலை செய்தது. அவன் நம்பரை மாட்டிக்கொண்டு, காகிதத்துக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டு இரண்டு பேர் ஊரைச் சுற்றுகிறார்கள். அதே நம்பரில் இன்னொரு வண்டியை அவன் பெண்டாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

பெரனீஸுக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று விரல் போனது. நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்பார்களே என்று நின்றது. அந்தத் தயக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அவள் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு ஆண் குரல்.

“கிரான்வில் பெப்ருவாரியா? சார்ஜன்ட் க்வேட்டா பேசறேன். உங்க மனைவி ஸ்டேஷன்ல இருக்காங்க. பெருசா அடி ஒண்ணும் இல்ல. கிளம்பி வாங்க.”

ஸ்டேஷனில் பெரனீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. தாடையில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் தலை சீவி விடுகிறவளின் தலையில் மணல். கிரான்வில் அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் நெற்றியை வைத்தாள்.

சார்ஜன்ட் க்வேட்டா நல்ல மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“உங்க நம்பர காப்பியடிச்சு, அதே மாடல், அதே கலர் வண்டில மாட்டிருக்கானுங்க. காலைல மியூசன்பெர்க்ல ஒரு கடைல புகுந்து துப்பாக்கியக் காட்டிருக்காங்க. நம்பர் எங்களுக்கு வந்துச்சு. கடலோரமா போற பேடன் பவல் சாலைல அதே நம்பர் பறக்குது. பறக்குதுன்னா, சார், நானும் சர்வீஸ்ல எத்தனையோ பேரத் துரத்திருக்கேன். எங்க வண்டியால கிட்டயே போக முடியல. வளைவுல ரோட்டு மேல மணல் கிடந்துச்சு, உங்க மனைவியே வேகத்தக் குறைச்சாங்க. இல்லன்னா இன்னிக்குப் பிடிச்சிருக்க மாட்டோம்.”

கிரான்விலுக்கு நெஞ்சுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. போலீஸ் வண்டியால் பிடிக்க முடியவில்லை! அடுத்த நொடி தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

“இறங்கச் சொன்னோம், தரையில படுக்கச் சொன்னோம். எங்களுக்குத் தெரியாதில்லையா? சேசிஸ் நம்பரைப் பாத்த பிறகுதான் விஷயம் புரிஞ்சுது. கொஞ்ச நாளாவே அவனுங்க இந்த நம்பர்ல சுத்திக்கிட்டிருக்கானுங்க. ஆத்லோன் பக்கம்கூட ஒரு இடத்துல...”

“ஆத்லோனா? அப்ப அன்னிக்கு நான் கேட்டது...” என்று ஆரம்பித்த கிரான்வில் வாயை மூடினான். ஆனால் மூடியது தாமதமாகத்தான்.

பெரனீஸ் அவன் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

“என்ன கேட்ட?”

“ஒண்ணுமில்ல பெர்னி.”

“என்ன கேட்டன்னு கேக்கறேன்.”

“சத்தம். கிடங்குக்கு வெளிய. நம்ம வண்டிச் சத்தம் மாதிரி இருந்துச்சு.”

“எப்ப?”

“கொஞ்ச நாளாச்சு. நீ மிசஸ் அடோனிஸுக்குத் தலை பண்ணப் போனியே, அன்னிக்கு.”

அவள் யோசித்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதைக் கிரான்வில் பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்க வழியில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் கேட்ட கேள்வி. பெட்ரோல். மிதியடியை உதறியது.

“நான் ராக்லண்ட்ஸ்ல இருக்கறப்ப நம்ம வண்டி ஆத்லோன்ல ஓடுச்சு. அது உனக்குத் தெரியும். எங்கிட்ட ஏன்யா சொல்லல?”

சார்ஜன்ட் எழுந்து, பேனாவைத் தேடுவதுபோல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

“அன்னிக்கே சொல்லிருந்தா, நான் அங்க இல்லியேன்னு அன்னிக்கே சொல்லிருப்பேன். அப்ப அது யாரு வண்டின்னு ரெண்டு பேரும் சேந்து தேடிருப்போம். ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிருப்போம்.” நிறுத்தினாள். “இவரு போன் பண்ணப்ப நீ எங்க இருந்த? பின்னாடி கடல் சத்தம் கேட்டுச்சுன்னு இவரு சொன்னாரு.”

“ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்ன்.”

“கிடங்குல டைல்ஸ் ஏத்தற நேரத்துல ஸ்ட்ராண்ட்ஃபோன்டெய்ன்ல என்ன வேல?”

கிரான்வில் தரையைப் பார்த்தான்.

“நான் யார்கூட இருக்கேன்னு பாக்க வந்தியா?” என்றாள் பெரனீஸ். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பெர்னி, மணல் இருந்துச்சு, பெட்ரோல் குறைஞ்சுது, கேட்டா நீயும் பொய் சொன்ன...”

“ஆமா, சொன்னேன். வேல முடிஞ்சதும் கடலோர ரோட்டுக்குப் போவேன். பார்க்கிங்ல எறங்கி, கால மணல்ல கொஞ்ச நேரம் வெப்பேன். அப்புறம் கண்ணாடிய எறக்கிட்டு ஒரே அழுத்து. உன் ரூல்ஸ் ஒண்ணு பாக்கியில்லாம ஒடச்சேன். அந்த வண்டிய ஓட்டறது எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. உங்கிட்ட சொன்னா சாவியப் பிடுங்கிருவன்னுதான் மறைச்சேன். அடப்பாவி, ஒருத்தன வெச்சிருந்தாக்கூட நான் இவ்வளவு சந்தோஷமா இருந்திருக்க மாட்டேன்!”

அவன் கையை நீட்டினான். துணி சுற்றிய கையை அவள் மடியிலிருந்து எடுக்கவில்லை.

“தார் ரோட்டுல குப்புறப் படுத்துக்கிடந்தேன். பின்னந்தலையில துப்பாக்கி. வாயெல்லாம் மணல். அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கிரான்வில் வந்துருவான், வந்தா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்.”

கிரான்வில் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

பார்க்கிங்கில் பார்த்த இரண்டு பேரைப் பற்றிக் கிரான்வில் சொன்னதைச் சார்ஜன்ட் குறித்துக்கொண்டார். வழியில் மறுபடி போலீஸ் யாராவது நிறுத்தினால் காட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நம்பரை மாற்றும்வரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம், நேரே வீட்டுக்குப் போங்கள் என்றார். சாவியைக் கிரான்வில் பக்கம் நீட்டினார். பெரனீஸ் நடுவில் கையை விட்டு வாங்கிக்கொண்டாள்.

“அந்தக் கையோட எப்படி ஓட்டுவ? நான் ஓட்டறேன் பெர்னி.”

“நீ மெர்வின் வண்டியக் கொண்டுபோய்க் குடு.”

“வீட்டுக்குத்தான போற?”

“தெரியல” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாதவள் சொல்வதுபோல் சொன்னாள்.

ஸ்டேஷன் வாசலில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் சூரியன் ஒட்டிய வண்டி ஸ்டேஷன் கேட்டைத் தாண்டிச் சாலைக்கு ஏறியது. எஞ்சின் சூடாகும்வரை பொறுத்தாள். அப்புறம் அழுத்தினாள். கியர் ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடத்தில் கச்சிதமாக விழுந்தது. வாங்கிய நாளிலிருந்து அவனேகூட அந்த வண்டியை அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் காற்று மட்டும் இருந்தது.

பிக்கப்பை மெர்வின் வீட்டில் விட்டுவிட்டு நடந்தே வந்தான். வீட்டில் நாய் மட்டும்தான் இருந்தது. போன் போட்டான், அணைத்து வைத்திருந்தாள். அவள் அம்மா வீட்டுக்குப் போட்டான். இங்கே வரவில்லையே, ஏன், என்ன ஆச்சு என்று மாமியார் கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

சாயங்கால வெயில் சாய்கிற நேரம். வேலை முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. தெருமுனையில் உறுமல் கேட்டது. டப். கடுகு. கிரான்வில் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். வெள்ளை ஜிடிஐ ஒன்று, யாரோ ஒரு இளைஞன் ஓட்ட, வீட்டைத் தாண்டிப் போனது. கேட்டை மூடினான். சற்று நேரத்தில் இன்னொன்று. இந்த முறை அவள்தான் என்று காது அடித்துச் சொன்னது. ஓடினான். சிவப்பு வண்டி. அடுத்தது நீலம். மிட்செல்ஸ் ப்ளெய்னில் ரிதுவான் எத்தனை பேரிடம் நெஞ்சில் கை வைத்து ‘ஒண்ணே ஒண்ணு’ என்று சொல்லியிருக்கிறாரோ! இத்தனை நாள் இவையெல்லாம் இதே தெருவில்தான் போய்க்கொண்டிருந்தன. அவன் தன்னுடையதை மட்டும்தான் கேட்டிருக்கிறான்.

கடைசியில் ஓடுவதை விட்டான். இரண்டு பக்கமும் பார்க்காமல் கேட்டை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்தான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “கிரான்வில், கேட்டு திறந்து கிடக்குதுப்பா!” என்று கத்தினார். “இருக்கட்டும்” என்றான் அவன். வாசற்படியில் உட்கார்ந்தான். நாயும் வந்து பக்கத்தில் படுத்தது.

தூரத்தில் இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. அதே உறுமல், அதே டப், அதே கடுகு. அது நம்ம வண்டிதானா என்று அவனால் சொல்ல முடியவில்லை.